"கம்ப்ரசர் போச்சு சார், மாத்திடலாம்!"

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. நடுவுல ஒரு கவிதையாவது போடுவேன்னு பயந்துட்டிருந்த மக்கள் நிம்மதியா மூச்சு விடலாம். இது கவிதை இல்லை. ஒரு கோபம். எழுத ஆரம்பிச்சப்ப கோபம் ஒருத்தர் மேல இருந்துச்சு, முடிக்கும்போது வேற ஆள் மேல போயிடுச்சு. அந்த வேற ஆள்ல நானும் உண்டு, நீங்களும் உண்டு. அதனால படிச்சிட்டுத் திட்டுறவங்க தாராளமா திட்டலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

என்கிட்ட ஒரு பழைய சின்ன கார் இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, பத்து வயசு ஆகுது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆனதுல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். டோக்கன் எப்பவும் மதியம் பன்னெண்டு மணிக்குத்தான் கிடைக்கும். தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல, கத்திரி வெயில்ல, பல்லாவரம் சிக்னல் கிட்ட நிக்குறப்பதான் நம்ம ஏசி தன் குணத்தைக் காட்டும். காலைல ஆபீஸ் போகும்போது ஐஸ் மாதிரி இருக்கும். மதியம் அரை மணி நேரம் ஓட்டினா திடீர்னு வெறும் அனல் காத்து. அப்புறம் சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஜில்லுனு வேலை செய்யும்.

அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லலை. "ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்டா. நாங்கல்லாம் ஏசியிலயா வளர்ந்தோம்?"னு துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார். எனக்குத்தான் மனசு கேக்கலை.

முதல்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, காபி மெஷின், டை கட்டின தம்பி. வண்டியை உள்ள எடுத்துட்டுப் போய் இருபது நிமிஷத்துல வந்தாங்க. "கம்ப்ரசர் போச்சு சார், மாத்திடலாம். கேஸ், லேபர் எல்லாம் சேர்த்து இருபத்தி நாலாயிரம் வரும்." என்ன போச்சுன்னு கேட்டேன். "கம்ப்ரசர் சார்." அதுல என்ன போச்சு? "கம்ப்ரசரே சார்." வடிவேலு காமெடி பார்த்த மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவதா ஒரு தனியார் ஏசி கடை. அவங்க பானெட்டைத் திறக்கவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டுட்டு, "பழைய வண்டில்ல? கம்ப்ரசர்தான். பதினெட்டாயிரத்துக்குப் பண்ணித் தர்றேன்"னாங்க. ஆறாயிரம் மிச்சம்னு சந்தோஷப்பட்டு அட்வான்ஸ் கொடுக்க பர்ஸை எடுத்துட்டேன். உண்மையைச் சொல்லணும்ல?

அன்னைக்குப் பார்த்து பர்ஸுல காசு இல்லை, அவங்க க்யூ.ஆர். ஸ்கேன் ஆகலை. நாளைக்கு வர்றேன்னு கிளம்பினேன். வழியில மறுபடியும் ஏசி நின்னுச்சு. ரோட்டோரமா ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. அறுபது வயசுக்கு மேல இருக்கும் அவருக்கு. சும்மா கேட்டுப் பார்ப்போமேன்னு நிறுத்தினேன்.

"இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க தம்பி. ஏசி ஸ்விட்சைப் போட்டே வைங்க"ன்னார். பானெட்டைத் திறந்து, டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பார்த்தார். ஒரு நீளமான மரக்குச்சியை உள்ளே விட்டு எதையோ லேசா ஒரு தட்டு தட்டினார். "டக்"னு ஒரு சத்தம். உள்ளே ஜில்லுனு காத்து வர ஆரம்பிச்சுது. மொத்தம் ரெண்டு நிமிஷம்.

"கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு தம்பி. கிளட்ச்ல கேப் ஜாஸ்தியாயிடுச்சு. ஒரு வாஷரை எடுத்தா சரியாயிடும்."

எவ்வளவு தரணும்னு கேட்டேன். "அட போங்க தம்பி, என்ன வேலை செஞ்சேன் நான்?"

நீங்களே சரி பண்ணித் தாங்கண்ணேன்னு சொன்னேன். முட்டி வலி, வண்டிக்குக் கீழே படுக்க முடியாதுன்னார். கூட இருந்த பையன் சாப்பாடு டெலிவரி ஓட்டப் போயிட்டானாம். "நீங்களே பண்ணலாம் தம்பி. என்ன படிச்சிருக்கீங்க?" மெக்கானிக்கல் என்ஜினியரிங்னேன். "அப்புறம் என்ன?"ன்னார்.

அந்த "அப்புறம் என்ன?" இருக்கே, அது நாலு நாளா காதுக்குள்ளேயே இருந்துச்சு. மெக்கானிக்கல் படிச்சு, டிகிரி வாங்கி, ஆறு வருஷமா ஜாவா அடிச்சிட்டிருக்கேன். ஸ்பேனர் பிடிச்சது லேப் எக்ஸாம்ல மட்டும்தான். அதுலயும் பாதி லேப் அட்டெண்டர் அண்ணன் புண்ணியம்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பாடம். தெரிஞ்சவங்க ரெண்டு பாரா தாண்டிக்கலாம்.

இன்ஜின் ஓடும்போது பெல்ட் ஏசி கம்ப்ரசரோட புல்லியைச் சுத்திக்கிட்டே இருக்கும். ஆனா புல்லி சுத்தினா கம்ப்ரசர் சுத்தணும்னு அவசியம் இல்லை. புல்லிக்குப் பின்னாடி ஒரு செம்புக் கம்பிக் காயில் இருக்கு. ஏசி ஸ்விட்சைப் போட்டதும் அதுல கரண்ட் பாயும், காந்தமாகும். புல்லிக்கு முன்னாடி கம்ப்ரசர் ஷாஃப்ட்ல மாட்டியிருக்குற ஒரு இரும்புத் தட்டை அந்தக் காந்தம் இழுத்து புல்லியோட ஒட்ட வைக்கும். அப்பதான் கம்ப்ரசர் சுத்தும். இதுதான் கிளட்ச். இது இல்லாத காலமும் இருந்துச்சு. 1940 மாடல் பேக்கார்ட் கார்ல ஏசி வந்தப்ப கிளட்ச்சே கிடையாது. ஏசி வேண்டாம்னா இன்ஜினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழட்டி வைக்கணும்!

ஏசி ஆஃப்ல இருக்கும்போது தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல ஒரு மெல்லிய இடைவெளி இருக்கணும். பல சின்ன கார்கள்ல சுமாரா 0.3 மி.மீ.ல இருந்து 0.6 மி.மீ. வரைக்கும். ஒவ்வொரு தடவை ஒட்டும்போதும் கொஞ்சம் தேயும். வருஷக்கணக்குல தேய்ஞ்சு தேய்ஞ்சு இடைவெளி பெருசாகும். ஒருநாள் காந்தத்துக்கு எட்டாமப் போயிடும். அவ்வளவுதான் வியாதி.

அப்போ ஏன் காலைல வேலை செஞ்சு மதியம் நிக்குது? இங்கதான் என் டிகிரி முதல் தடவையா உபயோகப்பட்டுச்சு. வீட்ல இருந்த மல்டிமீட்டரை எடுத்து, வண்டி ஆறியிருக்கும்போது காயிலை அளந்தேன். 3.6 ஓம். மதியம் ஓட்டி, ஏசி நின்னதும், இன்ஜினை அணைச்சு உடனே அளந்தேன். 4.5 ஓம். செம்பு சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறும்னு பிளஸ் டூவுலயே படிச்சதுதான். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா கரண்ட் 3.3 ஆம்ப்ல இருந்து 2.7 ஆம்புக்கு இறங்குது. காந்த இழுவிசை கரண்டோட ஸ்கொயர்ல போறதால கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பலம் காலி. கேப் சரியா இருந்தா மீதி பலமே போதும். கேப் பெருசா இருந்தா, காலைல ஜெயிக்கிற காந்தம் மதியம் தோத்துடும். அந்த அண்ணன் மரக்குச்சியால தட்டினது, தோத்துப் போன காந்தத்துக்குக் கொடுத்த ஒரு சின்ன கை.

இன்னொண்ணையும் பார்த்துக்கிட்டேன். ஏசி நின்ன நேரத்துல காயில் கனெக்டர்ல வோல்டேஜ் வருதான்னு. வந்துச்சு. வரலைன்னா பிரச்சினை கிளட்ச்ல இல்லை. ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், கேஸ் கம்மின்னு வேற இடத்துல தேடணும். இந்த ஒரே ஒரு டெஸ்ட் ரெண்டு கடையிலயும் நடக்கலை. மீட்டர் விலை முன்னூறு ரூபா.

ஞாயித்துக்கிழமை காலைல ஆரம்பிச்சேன். பேட்டரி நெகட்டிவைக் கழட்டினேன். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து (வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில எவனும் போகாதீங்கப்பா, கெஞ்சிக் கேட்டுக்குறேன்), முன் சக்கரத்தையும் உள்ளே இருக்குற பிளாஸ்டிக் மறைப்பையும் கழட்டினா கம்ப்ரசர் தெரிஞ்சுது. 250 ரூபாய்க்கு வாங்கின ஃபீலர் கேஜை (கடையில "ஃபில்லர் கேஜ்"னு கேட்டாத்தான் கொடுப்பாங்க) தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல மூணு இடத்துல விட்டுப் பார்த்தேன். 0.9 மி.மீ. அண்ணன் கண்ணால பார்த்துச் சொன்னது சரி.

நடு போல்ட்டைக் கழட்டணும். தட்டு கூடவே சுத்தும். பழைய பெல்ட் துண்டால இறுக்கிப் பிடிச்சு, பத்தாம் நம்பர் பாக்ஸ் ஸ்பேனர் போட்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். விரல் முட்டியில ரெண்டு இடத்துல தோல் போச்சு. கடைசியில போல்ட் இளகிச்சு. தட்டு கையோட வந்துடுச்சு. உள்ளே ஷாஃப்ட்ல பொட்டு மாதிரி ரெண்டு மெல்லிய வாஷர், ஒண்ணு 0.3, இன்னொண்ணு 0.5. ஷிம்னு சொல்வாங்க. பெருசை எடுத்துட்டு மறுபடி மாட்டி அளந்தேன். 0.4. தட்டைக் கையால சுத்திப் பார்த்தேன், எங்கேயும் உரசலை. ரொம்ப நெருக்கமா வச்சாலும் தப்பு, ஆஃப்ல இருக்கும்போதும் உரசி எரிஞ்சு போயிடும்.

எல்லாத்தையும் மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, ஸ்விட்சைப் போட்டேன்.

"டக்."

கேம்பஸ்ல ஆஃபர் லெட்டர் வாங்கினப்ப கூட இப்படி ஒரு சந்தோஷம் இல்லை மக்களே. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு, வேணும்னே ஜி.எஸ்.டி. ரோட்டுல போய் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டேன். ஏசி நிக்கலை. அடுத்த செக்கப்புக்குப் போறப்ப அப்பா பாதி வழியிலயே தூங்கிட்டார்.

இதுவரைக்கும் கதை. இனிமேதான் சண்டை.

முதல்ல எனக்குக் கோபம் வந்தது அந்த ரெண்டு கடை மேல. நியாயம்தானே? யோசிச்சுப் பாருங்க, கம்ப்ரசரை மாத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? புது கம்ப்ரசரோட பெரும்பாலும் புது கிளட்ச்சும் சேர்ந்தே வரும். ஏசி சூப்பரா ஓடியிருக்கும். நானும் "பார்த்தியா, கம்ப்ரசர்தான் போயிருக்கு"ன்னு நம்பியிருப்பேன். நாலு பேருக்கு அந்தக் கடையை சிபாரிசும் பண்ணியிருப்பேன். தப்பான நோயறிதல், சரியான மருந்து மாதிரியே வேஷம் போடும். இதுதான் இதுல பெரிய ஆபத்து. ஏமாந்தவனுக்கு ஏமாந்தோம்னே கடைசி வரைக்கும் தெரியாது.

அது மட்டுமா? கம்ப்ரசரைக் கழட்டணும்னா கேஸை எடுக்கணும். மெஷின் போட்டு உறிஞ்சாம, பைப்பை இளக்கி புஸ்ஸுனு காத்துல விடுற கடைகளை நானே பார்த்திருக்கேன். என் வண்டியில இருக்குறது ஆர்-134ஏ. நூறு வருஷக் கணக்குல பார்த்தா, கார்பன் டை ஆக்சைடை விட 1,300 மடங்குக்குக் குறையாம பூமியைச் சூடாக்குற சரக்கு. 400 கிராம்னு வச்சுக்கிட்டாலே அரை டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு வாஷரை எடுக்க வேண்டிய இடத்துல!

கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாம பண்ணதுக்காக 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபா அபராதம் போட்டுச்சு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 டிசம்பர்ல நுகர்வோர் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்குன்னே ஒரு இணையதளம் ஆரம்பிச்சுது, அதுல காரும் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனா உரிமையைக் கொடுத்தா மட்டும் போதுமா? என் கார் கிளட்ச்சைக் கழட்ட யார் தடை போட்டா? சட்டமா? கம்பெனியா? சாதாரண பத்தாம் நம்பர் போல்ட்டுங்க அது!

இங்கதான் என் கோபம் திசை மாறுச்சு.

வேலை முடிஞ்ச அடுத்த நாள் அந்த அண்ணன் கடைக்குப் போனேன். அந்த ஷிம்மை அவர் கையில கொடுத்தேன். சிரிச்சார். "கண்டுபிடிச்சீங்களே அண்ணே, அதுக்குத்தான் இது"ன்னு ஐநூறு ரூபா நீட்டினேன். வாங்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அப்புறம் ஒண்ணு சொன்னார்: "பாக்குறதுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டாங்க தம்பி. மாத்தினாத்தான் கொடுப்பாங்க."

இதை ஆபீஸ்ல மேனேஜர் சொல்லியிருந்தா மீம் போட்டிருப்பேன். அவர் சொன்னப்ப செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏன்னா அந்த "யாரும்"ல நான் இருக்கேன். போன வருஷம் பைக்குக்கு ஒரு ஒயர் லூஸ், அதைக் கண்டுபிடிச்ச மெக்கானிக் இருநூறு கேட்டார். "ஒயரைச் சொருகினதுக்கு இருநூறா?"ன்னு பேரம் பேசி நூறு கொடுத்துட்டு, ஜெயிச்ச மாதிரி வீட்டுக்கு வந்தேன். அதே நான், டப்பாவுல அடைச்ச கம்ப்ரசருக்குப் பதினெட்டாயிரம் கொடுக்க பர்ஸை எடுத்தேன். பேரமே பேசலை.

நம்ம பொழைப்பைக் கொஞ்சம் பாருங்க மக்களே. புரொடக்‌ஷன்ல ஒரு பக். மூணு நாள் லாக் படிச்சு, கடைசியில ஒரே ஒரு வரியை மாத்துறோம். கிளையண்ட் "ஒரு வரிக்கு மூணு நாள் பில்லா?"ன்னு கேட்டா நமக்கு எப்படி எரியும்? கண்டுபிடிக்கிறதுதான் வேலை, மாத்துறது இல்லைன்னு பக்கம் பக்கமா மெயில் போடுவோம். டீம்ல ஒரு ஃப்ரெஷர் லாகையே பார்க்காம "மாட்யூலையே திரும்ப எழுதிடலாம்"னு சொன்னா அவனை என்ன பாடு படுத்துவோம்? ஆனா அதையே டை கட்டின தம்பி கார் பத்திச் சொன்னா "சரி சார்"னு கார்டைத் தேய்க்கிறோம். மூளைக்குக் காசு வாங்கிப் பொழைக்கிற நாம, கிரீஸ் கையில இருக்குற மூளைக்கு மட்டும் காசு கொடுக்க மாட்டோம்.

அப்புறம் கடைக்காரன் என்ன பண்ணுவான்? அரை மணி நேரம் மீட்டர் வச்சுத் தேடி, ஒரு வாஷரை எடுத்து, ஐநூறு கேட்டா திட்டு வாங்கணும். கம்ப்ரசரை மாத்தினா கமிஷனும் உண்டு, "தேங்க்ஸ்"ம் உண்டு. நாமளே பழக்கினோம் அவனை. தேடத் தெரிஞ்ச அந்த அண்ணன்கிட்ட வேலை கத்துக்க வேண்டிய பையன் பிரியாணிப் பொட்டலம் தூக்கிட்டுப் போறான்னா, அதுல நம்ம பேரமும் ஒரு காரணம். இன்னும் பத்து வருஷம் கழிச்சு மரக்குச்சியால தட்டிப் பார்க்க ஆளே இருக்காது. அப்ப மாத்துறதைத் தவிர வேற வழி நிஜமாவே இருக்காது.

நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும். நானே கேட்டுடுறேன்.

"உன் ஒரு மணி நேர சம்பளம் என்ன, ஒரு ஞாயித்துக்கிழமையை வீணாக்கினியே?" சரி, அந்த ஞாயித்துக்கிழமை சும்மா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? ரீல்ஸ் பார்த்திருப்பேன். அதுக்கு எவனும் சம்பளம் தர்றதில்லை.

"எல்லாரும் வீட்லயே பண்ணிட்டா மெக்கானிக் எப்படிப் பொழைப்பான்?" எல்லாரும் பண்ணணும்னு நான் சொல்லலை. பண்ண முடியாதவங்க, "முதல்ல என்ன பிரச்சினைன்னு கண்டுபிடிங்க, அதுக்குத் தனியா காசு தர்றேன்"னு சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியம் போதும். ஒரு தடவை சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்குறவர் முகம் மாறுறது தெரியும்.

"ஆபத்தாச்சே?" ஆமா. அதனால கோடு எங்கேன்னு தெரிஞ்சு வச்சுக்கணும். கிளட்ச் கேஸ் லைனுக்கு வெளியில இருக்கு, அதனால தொடலாம். கேஸ் பைப், அதோட ஜாயிண்டு எதையும் வீட்ல கழட்டாதீங்க. உள்ளே பிரஷர் இருக்கு, கண்ணு போயிடும். எலக்ட்ரிக் வண்டின்னா ஆரஞ்சு கலர் ஒயர் பக்கமே போகாதீங்க, அந்த வோல்டேஜுக்கு ஆளே காலி. சில புது கார்கள்ல இந்த மாதிரி கிளட்ச்சே இருக்காது, அங்க இந்த வைத்தியம் செல்லாது. பேரிங் கரகரன்னு சத்தம் போட்டாலோ காயில் எரிஞ்சு போயிருந்தாலோ ஷிம்மை எடுத்துப் பிரயோஜனம் இல்லை. அப்பவும் முதல்ல கேளுங்க, "கிளட்ச் மட்டும் மாத்த முடியுமா?"ன்னு. கம்ப்ரசர் நிஜமாவே போயிருந்தா மாத்தித்தான் ஆகணும். மாத்தவே கூடாதுன்னு நான் சொல்லலை. பார்க்காம மாத்தக் கூடாது, அவ்வளவுதான்.

அந்த ஐநூறு ரூபா என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? அவர் வாங்கவே இல்லை. "வேற வண்டி இருந்தா அனுப்புங்க தம்பி"ன்னார். ஆபீஸ்ல நாலு பேரை அனுப்பியிருக்கேன், ஒரு கண்டிஷனோட: அவர் பார்த்துச் சொன்னதுக்குக் காசு கொடுத்துட்டுத்தான் வரணும், பேரம் கிடையாது. மூணு பேர் கொடுத்திருக்காங்க. நாலாவது ஆள் "சும்மா பார்த்தார், அதுக்கெல்லாமா?"ன்னு வந்துட்டான். அவன் நம்ம பிளாக்கை எப்பவாவது படிப்பான்.

டேய், உனக்காகத்தான்டா இந்தப் பதிவு.

டிஸ்கி: அந்த 0.5 மி.மீ. ஷிம் இப்ப என் ஆபீஸ் மானிட்டர் மேல செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கு. யாராவது "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதிடலாம்"னு சொன்னா அதைத் தொட்டுக் காட்டுறேன். ஒருத்தனுக்கும் புரியலை. உங்களுக்குப் புரியும்தானே?